பளபளப்பின் தடிமன்

எவர்சில்வர் தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஒற்றை பல்புக்குக் கீழே பிடித்தால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். தட்டைச் சாய்த்தால் அந்த வட்டமும் கூடவே நகரும். தட்டில் இருப்பவை எல்லாத் திசையிலும் கண்டபடி ஓடும் கீறல்கள்தான். விளக்கைச் சுற்றிய வட்டத்தோடு ஒத்துப்போகும் கீறல்கள் மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை இருட்டில் ஒளிந்துகொள்கின்றன. இலை உதிர்ந்த மரத்துக்குப் பின்னால் தெருவிளக்கு எரியும்போது குச்சிகளெல்லாம் விளக்கை வளைத்துக் கூடு கட்டியதுபோலத் தோன்றுமே, அதே கண்கட்டு.

கறுப்புக் காரின் பானெட்டை உச்சி வெயிலிலோ பெட்ரோல் பங்க் விளக்கின் கீழோ பார்த்தவர்களுக்கும் இந்தச் சிலந்தி வலை பழக்கமானது. டீடெய்லிங் கடைக்காரர்கள் ‘ஸ்விர்ல் மார்க்’ என்கிறார்கள். சுழல் கீறல் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பாலிஷர் கொண்டு எடுப்பது இன்று தனித் தொழிலாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு குறையைச் சொல்லிக்கொண்டு யாரும் பட்டறைக்கு வந்திருக்க மாட்டார்கள். கார் பெயிண்ட் கடந்துவந்த பாதையைப் பார்த்தால் காரணம் புரியும்.

காருக்கு முன்னால் கோச்சு வண்டி. முதல் கார்களைக் கட்டியவர்களில் பலரும் அதுவரை குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள். சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1840-ல் தொடங்கி சேணமும் கோச்சு வண்டியும் செய்துவந்த சிம்சன் கம்பெனியில்தான் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். வண்டி மாறினாலும் பெயிண்ட் மாறவில்லை. ஆளிவிதை எண்ணெயில் மரப்பிசினைக் காய்ச்சி இறக்கிய வார்னிஷ்தான். பிரஷ்ஷால் ஒரு கோட் அடித்தால் காயவே நாள்கணக்காகும். காய்ந்ததும் நுரைக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். அதன்மேல் அடுத்த கோட், மறுபடி தேய்ப்பு. கடைசியில் நுரைக்கல்லைவிட மென்மையான, மக்கிய சுண்ணாம்புக்கல் பொடியை எண்ணெயில் தொட்டு மினுக்குவார்கள். வார்னிஷ் அறையில் தூசி எழாமலிருக்கத் தரையை நனைத்தே வைத்திருப்பார்கள். ஒரு வண்டி இப்படி வெளியே வர வாரங்கள் பிடிக்கும்.

ஆக, பளபளப்பு என்பது பிறந்த நாள் முதலே தேய்ப்பின் குழந்தை. அமெரிக்காவின் இண்டியானாவில் ஃபிராங்க் மெக்வையர் 1901-ல் தன் வீட்டுக் கொட்டகையில் காய்ச்சத் தொடங்கிய பாலிஷ், மேஜை நாற்காலிக்கானது. கார் வந்ததும் அதே சரக்கு காருக்கும் போனது. அன்றைய காரின் உடம்பில் பாதி மரம், மேலே வார்னிஷ். ஒரு விதத்தில் அது ஓடுகிற பீரோ. இன்று உலகெங்கும் கார் பாலிஷ் விற்கும் ‘மெக்வையர்ஸ்’ அந்தக் கொட்டகையில் பிறந்ததுதான்.

ஹென்றி ஃபோர்டுக்கு இந்த வாரக்கணக்கு கட்டுப்படியாகவில்லை. அசெம்ப்ளி லைனில் கார்கள் சரசரவென்று இறங்கிக்கொண்டிருக்க, பெயிண்ட் காய்வதற்காக அவற்றை எங்கே நிறுத்துவது? நிலக்கீல் கலந்த ‘ஜப்பான் பிளாக்’ எனாமலைப் பூசி அடுப்பில் சுட்டெடுத்தார்கள். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. அதற்கு முன்பு பச்சை, சிவப்பு, நீலமெல்லாம் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. கறுப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும், பாகத்துக்குப் பாகம் வேறு வேறாக முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்புப் பெயிண்ட்கள் புழங்கின. மலிவு, உறுதி, சுட்டதும் வேலை முடிந்தது. தேய்ப்புக்காரருக்கு அங்கே இடமில்லை.

ஆனால் ஃபோர்டின் போட்டியாளர்களுக்கு நிறம் வேண்டியிருந்தது. அது வந்தது வெடிமருந்துக் கம்பெனியிலிருந்து.

பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ்தான் புகையில்லாத வெடிமருந்தின் மூலப்பொருள். முதல் உலகப் போர் முடிந்ததும் டூபாண்ட் கம்பெனி அதை வேறெதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று தேடியது. சினிமா ஃபிலிம் ஒரு வழி. கரைப்பானில் கரைத்துப் பூச்சாக அடிக்கலாம் என்பதும் தெரிந்ததுதான்; ஆனால் கரைசல் கூழ்போலக் கெட்டியாக நின்றது. நீர்க்கச் செய்தால் ஒரு கோட்டில் ஒன்றும் ஒட்டாது. 1920 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தின விடுமுறை வாக்கில் நியூ ஜெர்சி ஆய்வுக்கூடத்தில் நடந்த எதிர்பாராத வேதிவினை ஒன்று வழி காட்டியது: நைட்ரோசெல்லுலோஸ் அளவு குறையாமலே கரைசல் இளகிவிட்டது. இனி ஒரே கோட்டில் நிறையச் சாயத்தை ஏற்றலாம். ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் இதைப் பிடித்துக்கொண்டார். 1923-ல், 1924-ஆம் ஆண்டு மாடல் ஓக்லாண்ட் கார் ‘ட்ரூ ப்ளூ’ என்ற நீலத்தில் வந்தது. பூச்சின் பெயர் டுகோ.

கெட்டரிங்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பெயிண்ட் காய ஒரு மாதமாவது வேண்டும் என்று அடம்பிடித்த ஒருவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாராம். சாப்பிட்டு முடித்து வெளியே வந்த விருந்தாளி தன் காரைக் காணாமல் திகைத்தார். எதிரே நின்றது வேறு நிறக் கார். உள்ளே சாப்பாடு நடந்த நேரத்தில் வெளியே ஆள்வைத்து டுகோ அடித்து முடித்திருந்தார் கெட்டரிங். கதை எவ்வளவு உண்மையோ, அந்தக் காலத்துக்காரர்களின் வியப்பு உண்மை. வாரக்கணக்கில் காய்ந்தது மணிக்கணக்கில் காய்ந்தது. 1927-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹார்லி ஏர்ல் தலைமையில் கலை-வண்ணப் பிரிவு ஒன்றையே தொடங்கிவிட்டது.

அந்தப் பெயர் நம்மூருக்கும் வந்து தங்கிவிட்டது. டூபாண்டைக் கேள்விப்படாத தச்சரும் அலமாரிக் கதவைக் காட்டி “டுகோ அடிச்சிடலாமா?” என்று கேட்பார். ஓக்லாண்ட் கார் 1930-களின் தொடக்கத்திலேயே சந்தையைவிட்டுப் போய்விட்டது. அதன்மேல் அடித்த பெயிண்ட்டின் பெயர் கிச்சன் கபோர்டில் வாழ்கிறது.

டுகோவில் ஒரு சிக்கல். கரைப்பான் சட்டென்று ஆவியாகிவிடுவதால் காய்ந்த பூச்சு மங்கலாக, ஆரஞ்சுத் தோல்போல மேடும் பள்ளமுமாக நின்றது. பளபளப்பு வேண்டுமானால் தேய்த்தாக வேண்டும். ஃபோர்டின் அடுப்பு வெளியே அனுப்பிய தேய்ப்பு, டுகோவின் தோளில் ஏறித் திரும்ப வந்தது. ரப்பிங் காம்பவுண்ட் என்ற பசை பட்டறைகளின் அன்றாடப் பொருளானது இந்தக் காலத்தில்தான்.

தேய்க்கும் தாளும் அப்போதுதான் மாறியது. உப்புத்தாளைக் காய்ந்த பெயிண்டில் தேய்த்தால் ஈயம் கலந்த தூசி எழுந்து தொழிலாளியின் நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தொட்டால் தாள் ஊறிக் கிழியும். 1920-ல், ஃபிலடெல்ஃபியாவில் மை தயாரித்துவந்த ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர் மின்னசோட்டாவிலிருந்த ஓர் உப்புத்தாள் கம்பெனிக்குக் கடிதம் போட்டார்: உங்களிடமுள்ள எல்லா அளவு மணல் பொடியிலும் மாதிரி அனுப்புங்கள். அந்தக் கம்பெனியே வேடிக்கையானது. தேய்ப்புக் கல் வெட்டியெடுக்க 1902-ல் ஒரு சுரங்கத்தை வாங்கி, கிடைத்தது உதவாத கல் என்று பின்னால் தெரிந்துகொண்டு, பிழைப்புக்காக உப்புத்தாள் செய்ய இறங்கியது. இன்று அதை 3எம் என்கிறோம். முன்பின் தெரியாத ஓர் ஆள் எதற்கு இவ்வளவு மாதிரி கேட்கிறார் என்று சந்தேகப்பட்டுத் தேடிப் போனார்கள். தண்ணீரில் ஊறாத உப்புத்தாளை அவர் செய்து வைத்திருந்தார். உரிமையை வாங்கி 1921-ல் விற்பனைக்கு விட்டார்கள். தூசி அடங்கியது, தேய்ப்பும் நயமானது. ஓக்கி அந்தத் தாளால்தான் முகத்தைச் சவரம் செய்துகொள்வார் என்று கம்பெனிக் கதைகள் சொல்கின்றன. நாம் முயன்று பார்க்க வேண்டாம்.

நம் பட்டறைகளில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டு வாங்குவது அந்த வம்சம்தான். அதன் கறுப்புக்குக் காரணமான சிலிக்கான் கார்பைடை எட்வர்ட் அச்சிசன் 1891-ல் பென்சில்வேனியாவில் செயற்கை வைரம் செய்யப் போய்க் கண்டெடுத்தார். ‘கார்போரண்டம்’ என்று பெயர் சூட்டினார். 1954-ல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடும் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியோடும் கைகோத்துச் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியபோது அந்தப் பெயரும் இங்கே குடியேறியது.

இதே வாட்டர் பேப்பரைப் பரிசோதிக்க 1923-ல் செயிண்ட் பால் நகரப் பட்டறை ஒன்றுக்குப் போன 3எம் உதவியாளர் ரிச்சர்ட் ட்ரூ, இரட்டை நிறம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் ஒட்டுத்தாளை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்துவர, அவர் வாய் கூசாமல் திட்டியதைக் கேட்டார். 1925-ல் மாஸ்கிங் டேப் பிறந்தது. நல்ல வசவுக்கும் பலன் உண்டு.

பட்டறை ஒருபுறமிருக்க, வீட்டு வாசலில் வேறொரு சடங்கு வளர்ந்தது. சிகாகோவில் 1910 வாக்கில் தொடங்கிய சிமனைஸ் இரண்டு டப்பாக்களை விற்றது: முதல் டப்பா தேய்த்து அழுக்கும் செத்த பெயிண்டும் எடுக்க, இரண்டாவது, மெழுகு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கை வலிக்கத் தேய்க்க வேண்டும். ‘சிமனைஸ் செய்வது’ என்பது அமெரிக்க அகராதியில் வினைச்சொல்லாகவே ஏறிவிட்டது. நம்மூரில் நகல் எடுப்பது ஜெராக்ஸ் ஆன கதைதான். அதே சிகாகோவில் 1940-களில் பென் ஹிர்ஷ் வீட்டுக் குளியல் தொட்டியில் கலக்கி விற்ற திரவ மெழுகு பின்னால் ‘டர்ட்டில் வாக்ஸ்’ ஆனது.

நல்ல மெழுகுக்கு அடிப்படை பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கார்னாபா பனை. வறண்ட மண்ணில் நீர் ஆவியாகாமலிருக்க அந்தப் பனை தன் ஓலையில் மெழுகு பூசிக்கொள்கிறது. 1935-ல் ஜான்சன் வாக்ஸ் அதிபர் எச்.எஃப். ஜான்சன் நீரிலும் இறங்கக்கூடிய ஒரு சிக்கோர்ஸ்கி விமானத்தை வாங்கி, அதற்குக் ‘கார்னாபா’ என்றே பெயரிட்டு, அந்தப் பனைகளைத் தேடிப் பிரேசில் வரை பறந்தார். காரில் பூசுகிற மெழுகுக்கு இந்தப் பாடு.

கைக்குப் பதில் இயந்திரம் வந்ததில் பெரிய மர்மம் இல்லை. பிளாக் அண்ட் டெக்கர் துப்பாக்கிப் பிடி மின் துளைப்பானை 1910-களின் பிற்பாதியில் கொண்டுவந்த பிறகு, நுனியில் கம்பளி உறை மாட்டிச் சுழற்ற யாருக்கும் தோன்றும். ஜெர்மனியில் 1922-ல் தொடங்கிய கம்பெனி ஒன்றின் ‘ஃப்ளெக்ஸ்’ என்ற பெயர், கிரைண்டிங் வேலைக்கே அங்கே பொதுச்சொல்லாகிவிட்டது. அரைக்கும் இயந்திரமும் மெருகேற்றும் இயந்திரமும் ஒரே குடும்பம். முன்னது இரும்பை வெட்டும். பின்னதைப் பொறுமையாகப் பிடிக்காவிட்டால் அதுவும் பெயிண்டை வெட்டும்.

ரோட்டரி எனப்படும் அந்தப் பாலிஷர் ஒரே அச்சில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். வேகம் பிரமாதம். ஆனால் ஒரே இடத்தில் கொஞ்சம் தங்கினால் சூடேறும். மூலை முடுக்குகளில் பெயிண்டைத் தின்று பிரைமரைக் காட்டிவிடும். அது போன பாதையில் ஒரே திசையில் மெல்லிய தடம் விழும். வெயிலில் அது மயில்கழுத்துப்போல நெளியும்; டீடெய்லிங்காரர்கள் ஹோலோகிராம் என்பார்கள். கீறலை எடுக்க வந்த இயந்திரம் தன் கீறலைப் போட்டுவிட்டுப் போனது. டுகோ போன்ற பழைய லேக்கர் பூச்சில் இதைப் பலர் பொருட்படுத்தவில்லை. அது மென்மையானது, வெயிலில் மேல்படலம் சுண்ணாம்புபோலச் செத்துப்போகும், எப்படியும் சில மாதங்களுக்கு ஒருமுறை காம்பவுண்ட் போட்டு உரித்தாக வேண்டும். கீறல்களும் செத்த தோலோடு சேர்ந்தே போயின. அம்பாசடர் காலத்துக் கார்களைத் தேய்த்தவர்களுக்கு ஞாபகமிருக்கும்: கையிலிருக்கும் பனியன் வேஸ்ட்டில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும்.

அந்தக் காலம் முடிந்தது கிளியர்கோட்டால். சாயம் கலந்த மெல்லிய அடிப்பூச்சு. அதன்மேல் நிறமேயில்லாத கண்ணாடிபோன்ற கடினப் பூச்சு. மெட்டாலிக் நிறங்களில் அலுமினியச் செதில்கள் வெளியே தலைகாட்டினால் கறுத்துப்போகும் என்பதால், அவற்றுக்குத்தான் முதலில் இந்தக் கண்ணாடிப் போர்வை தேவைப்பட்டது. 1970-களிலும் 80-களிலும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பரவி, கடைசியில் ஏறக்குறைய எல்லா நிறத்துக்கும் வந்தது. பட்டறையில் அடிக்கும் கிளியருக்கு வேர், 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசெனில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த பாலியுரிதேன். இனிப் பாலிஷே வேண்டாம் என்று பலரும் நம்பினார்கள்.

கிளியர்கோட் எளிதில் சாகாது என்பது உண்மை. அதனால்தான் அதில் விழுந்த கீறலும் சாகவில்லை. முன்பு மாதக்கணக்கில் உரிந்து மறைந்தது, இப்போது ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. கண்ணாடிக்கு அடியில் கறுப்போ கருநீலமோ இருந்துவிட்டால் ஒவ்வொரு கீறலும் வெள்ளிக் கம்பியாக மின்னும். சுழல் கீறல் ஒரு நோயாகப் பிறந்தது இங்கேதான். மருந்துக்குப் பட்டறைக்குப் போனால் அங்கே காத்திருந்தது பழைய முரட்டுக் காம்பவுண்டும் கம்பளி உறையும் ரோட்டரியும். ஒரு கீறலுக்குப் பத்துக் கீறல் வாங்கி வந்தவர்கள் உண்டு.

தீர்வு மரவேலைப் பட்டறையிலிருந்து வந்தது. உப்புத்தாளை மரத்தில் ஓட்டும் ரேண்டம் ஆர்பிட்டல் இயந்திரத்தில் தட்டு அச்சின் நடுவே பொருந்தியிருக்காது, சற்றுத் தள்ளியிருக்கும். சின்ன வட்டமடித்துக்கொண்டே தானாகவும் சுழலும். ஒரு புள்ளி ஒரே பாதையில் இரண்டாம் முறை போவது அரிது. அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். அதாவது தப்பு செய்யப் போகும் கையை அது தானே தடுக்கும். அமெரிக்காவில் போர்ட்டர்-கேபிள் 7424 என்ற கருவியை வாங்கி, அனுபவமே இல்லாதவர்கள்கூட வீட்டுக் கொட்டகையில் துணிந்து காரைத் தேய்க்கத் தொடங்கினார்கள். அதன் ஊசல், அதாவது தட்டு அடிக்கும் அந்தச் சின்ன வட்டத்தின் அகலம், சிறியது; வேலை நத்தை வேகம். 1947-ல் மிலானில் தொடங்கிய இத்தாலியின் ரூப்பஸ் கம்பெனி 15, 21 மில்லிமீட்டர் ஊசல் கொண்ட ‘பிக்ஃபூட்’ பாலிஷர்களைக் கொண்டுவந்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது. ரோட்டரி கலைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கை மகத்தான கை. ஆனால் தொழிலைப் பரவலாக்கியது இந்த அடக்கமான இயந்திரம்தான்.

பசையும் கூடவே மாறியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள். ஒரு வகையில், அம்மியில் மிளகாய் அரைபடுவதுபோலத் துகள் தேய்க்கத் தேய்க்கப் பொடியாகி, வெட்டுவதில் ஆரம்பித்து மினுக்குவதில் முடியும். இன்னொரு வகையில் துகள் முதலிலிருந்தே நுண்மையாக, ஒரே அளவில் இருக்கும். கம்பளியின் இடத்தில் ஃபோம் பேட் வந்தது.

கணக்கைப் பார்த்தால் ஏன் இவ்வளவு பதமான கருவி என்பது விளங்கும். புதுக் காரில் தகட்டின்மேல் எல்லாப் பூச்சும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர்கோட் மட்டும் 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. லேசான சுழல் கீறலின் ஆழம் ஓரிரு மைக்ரான் இருந்தால் அதிகம். அதை ‘அழிப்பது’ என்றால் நிரப்புவது அல்ல, சுற்றியுள்ள மேட்டைக் கீறலின் அடிமட்டம்வரை சீவுவது. சீவியது திரும்ப வராது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தப் படலத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே, நல்ல கடைக்காரர் முதலில் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார். ஓர் அடிச் சதுரத்தில் மிக மென்மையான பேட், மிக மென்மையான பசையில் தேய்த்துப் பார்ப்பார். போதவில்லை என்றால்தான் ஒரு படி மேலே போவார். எடுத்தவுடன் கம்பளியைத் தூக்குகிறவரிடம் காரை விடாதிருப்பது உத்தமம். வருடத்துக்கு இரண்டு முறை பாலிஷ் ‘பேக்கேஜ்’ விற்கிறவரிடமும்தான்.

கார் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. மெர்சிடிஸ் 2003-ல் நானோ செராமிக் துகள் கலந்த கடினமான கிளியர்கோட்டைக் கொண்டுவந்தது. நிசான் 2005-ல் எதிர்த்திசையில் போனது: ரப்பர்போல நெகிழும் கிளியர், சின்னக் கீறல் சில நாளில் தானே மூடிக்கொள்ளும். இரண்டும் பாலிஷரை ஓய்வுக்கு அனுப்பவில்லை.

ஏனென்றால் கீறல் விழுவது சாலையில் அல்ல, பெரும்பாலும் துடைக்கும்போது. அடுக்குமாடி வீடுகளின் பார்க்கிங்கில் விடியற்காலை நடப்பதைப் பாருங்கள். இரவெல்லாம் படிந்த தூசியின்மேல் காய்ந்த துணி ஒரு சுற்று. பிறகு ஒரே வாளித் தண்ணீரில் எட்டுக் கார். ஐந்தாவது காருக்கு வரும்போது அந்தத் துணியில் முதல் நான்கு கார்களின் மணலும் இருக்கும். துடைக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வாளிதான், தருகிற மாதச் சம்பளமும் அதற்கேற்றதுதான். நாளை முதல் அவருக்கு இன்னொரு வாளியும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுங்கள். முதலில் தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிவிட்டு அப்புறம் துணியை வைக்கச் சொல்லுங்கள்.